ஓடுகிறது என்றும் எழுத வேண்டுமாம்

இப்போதெல்லாம் ஜனங்கள் எதைச் செய்தாலும் நாலு பேருக்குச் சொல்லாமல் இருப்பதில்லை. பஸ் ஏறினால் ஏறிவிட்டேன் என்கிறார்கள், இறங்கினால் இறங்கிவிட்டேன் என்கிறார்கள். என் மைத்துனன் தினமும் காலையில் எனக்கு ஒரு பூப்படம் அனுப்புகிறான். கேட்டால், நலமாக இருக்கிறேன் என்று தெரிய வேண்டாமா என்கிறான். அவன் நலமாக இருப்பது எனக்குத் தெரியும். இல்லையென்றால் அவன் பெண்டாட்டி போன் செய்திருப்பாள்.

நான் நாற்பத்தொரு வருஷம் குழாய் வேலை பார்த்தவன். என் தொழிலில் போன் வந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். வரவில்லை என்றால் போட்ட வேலை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் ஒருவர்கூடக் கூப்பிட்டு, நீங்கள் மாட்டிய பைப் இன்றைக்கும் ஒழுகவில்லை என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஆளுக்கு ஏதோ கோளாறு என்றுதான் நினைத்திருப்பேன்.

இந்தப் பழக்கத்தால் என் மகளின் வேலை போகப் பார்த்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மகள் பொது நூலகத்தின் இரண்டாவது மாடியில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்கிறாள். பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள், ஒரு பிரிண்டர், பாதிக்கு மேல் திறக்காத ஒரு ஜன்னல். வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள், பரீட்சை முடிவு பார்க்கிறவர்கள், பென்ஷன் படிவத்தை வைத்துக்கொண்டு எதை அழுத்துவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறவர்கள், எல்லாரும் அங்கேதான் வருவார்கள். கம்ப்யூட்டர்கள் ஏதோ ஒரு கம்பெனி பழசு என்று கழித்துக் கட்டியவை. அறை இருக்கும்வரைதான் வேலை என்று அவளுடைய உத்தரவில் கறுப்பு மையில் போட்டிருக்கிறது. மருமகன் முதுகில் அடிபட்டு ஒரு வருஷமாக வீட்டில் இருக்கிறார். ஆக, அந்தப் பன்னிரண்டு பழசுகள்தான் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகின்றன.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அந்தக் கம்ப்யூட்டர்களை ஓட்டிக்கொண்டிருந்த சாப்ட்வேருக்கு ஆயுள் முடிந்துவிட்டது. புதுசு போட்டால் பழைய மெஷின் தாங்காது. புது மெஷின் வாங்க வழியில்லை, பேசாமல் அறையை மூடிவிடலாம் என்றார் நூலக அதிகாரி. அப்போதுதான் தெருமுனையில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் திருப்புளி வந்தான். அவன் சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் எப்போதும் ஒரு திருப்புளி இருக்கும். அதனால் அந்தப் பெயர். பழசிலும் ஓடுகிற ஒன்று இருக்கிறது, இலவசம் என்றான். அதன் பெயர் என் வாயில் நுழையவில்லை. நான் இன்றைக்கு வரைக்கும் அதை இலவசம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இலவசம் என்றாலே எனக்கு உடம்பு உஷாராகிவிடும். யார் செய்தது, எதற்குச் செய்தது என்று கேட்டேன். உலகம் பூராவும் உள்ள ஆட்கள் சும்மா சேர்ந்து செய்தது, உள்ளே இருப்பதை எல்லாம் திறந்தே வைத்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம் என்றான். சும்மா வேலை செய்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சும்மா செய்கிறேன் என்று வருகிறவன்தான் போகும்போது உங்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போவான்.

மூன்று நாள் அவன் வேலை செய்தான். மூன்று நாளும் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். ஒவ்வொரு பெட்டியையும் திறந்து தூசி தட்டி மூடினான். உள்ளே இருக்கும் நல்ல மெமரி பீஸைக் கழற்றிக்கொண்டு மட்டமானதை வைக்கிறானோ என்று எனக்குச் சந்தேகம். நூலக விடுமுறை நாளில் மகளிடம் சாவி வாங்கிக்கொண்டு போய்ப் பன்னிரண்டு பெட்டியையும் திறந்து எண்ணினேன். பெட்டிக்கு இரண்டு வீதம் இருபத்துநாலும் இருந்தன. ஆனால் நான் மூடிய இடத்தில் நாலு ஸ்க்ரூ மாறிப்போய்விட்டது. அடுத்த முறை வந்தபோது அதைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான். அன்றிலிருந்து என்னைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவான்.

நாலு மாதத்துக்கு முன்னால் மகள் ஒரு நாள் சோர்ந்த முகத்தோடு வந்தாள். இலவசக்காரர்கள் அடுத்த பதிப்பில் பழைய மெஷின்களைக் கைவிடப் போகிறார்களாம். அந்த மாதிரி மெஷின் வைத்திருப்பவர் யாராவது வாராவாரம் சோதித்துப் பார்த்துச் சொல்ல முன்வந்தால் தொடர்வார்களாம். அவளுக்கு நேரம் ஏது? என் வீட்டில் அதே சாதி மெஷின் ஒன்று இருந்தது, பதின்மூன்றாவது. பவர் பொத்தான் உடைந்து போனதால் அறையில் வைக்க முடியாமல் கொண்டுவந்து போட்டிருந்தாள். பேனா முனையால் குத்தினால் உயிர் வரும். நான் செய்கிறேன் என்றேன். என்னமோ தருமம் செய்யும் ஆசை என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே போனால்தானே அவர்களுடைய உள்நோக்கம் என்ன என்று தெரியும்.

நான் ஐந்தாவதுவரை படித்தவன். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். நல்லவேளை, அவர்களில் ஒரு தமிழ்க் குழு இருந்தது. அதை நடத்துகிறவர் ஒரு கணக்கு டீச்சர். வேறு ஊர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை காலையில் புதிதாய் வந்த தன்னார்வலர்களை எல்லாம் கம்ப்யூட்டரிலேயே கூட்டி வைத்துப் பேசுவார். எல்லாரும் தங்களைப் பற்றி இரண்டு வரி எழுதச் சொன்னார். நான் ஒரு விரலால் குத்திக் குத்தி, ‘குழாய் வேலை, நாற்பத்தொரு வருஷம். யாரையும் நம்புவதில்லை’ என்று எழுதினேன். முப்பது பேர் அதற்கு இதயப் படம் போட்டார்கள். இவர்களுக்கு மூளை சரியில்லை என்று அன்றைக்கே குறித்துக்கொண்டேன்.

எந்தக் கேள்வியையும் தயங்காமல் கேட்கலாம் என்றார் டீச்சர். உங்களுக்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லை என்றார். அப்புறம் எதற்குச் செய்கிறீர்கள் என்றேன். என் பள்ளி வேலையை இதில்தான் செய்கிறேன், பழுதாகிற இடத்தை நானே சரி செய்துகொள்கிறேன், மற்றவர்களுக்கும் உதவுகிறது என்றார். எங்கள் தெருப் பொதுக்குழாயை ஒருவர் அப்படித்தான் சொந்தச் செலவில் சரி செய்துகொண்டிருந்தார். பிறகு தோண்டிப் பார்த்தால் அவர் வீட்டுக்குத் தனியாக ஒரு பைப் போயிருந்தது. நான்தான் தோண்டினேன். அதை டீச்சரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “இங்கயும் தோண்டிப் பாருங்க ஐயா. திறந்துதானே கிடக்கு,” என்றார்.

வேலை இதுதான். திங்கட்கிழமை தோறும் அந்த வாரத்துச் சோதனைப் பதிப்பு வரும். அதை இறக்கிப் பென்டிரைவில் ஏற்றி, மெஷினில் போட்டு, ஒரு பட்டியலில் இருக்கும் பதினொரு சங்கதிகளைச் செய்து பார்க்க வேண்டும். சத்தம் வருகிறதா, இன்டர்நெட் வருகிறதா, தூங்க வைத்தால் எழுந்திருக்கிறதா, அணைத்தால் அணைகிறதா, இப்படி. புது லைனில் தண்ணீர் விட்டு ஒவ்வொரு ஜாயின்டாக விரல் வைத்துப் பார்ப்பது மாதிரிதான். எனக்கு அது கஷ்டமாக இல்லை. முதல் மாதத்தில் மூன்று பழுது கண்டுபிடித்து எழுதினேன். ஒன்றில் சத்தத்தைக் குறைத்தால் கூடியது. இன்னொன்றில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போனது. மூன்றாவதில் தமிழ் எழுத்துகளின் கால்கள் வெட்டுப்பட்டிருந்தன. மூன்றையும் சரி செய்தார்கள். நன்றி என்று எழுதினார்கள். பழைய மெஷின் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு வெளிநாட்டுக்காரர். தன் படத்துக்குப் பதில் ஆந்தைப் படம் வைத்திருப்பார். எங்கள் வீட்டில் அவருக்கு ஆந்தை என்றே பெயர் ஆகிவிட்டது.

அதற்கப்புறம் பழுதே வரவில்லை. திங்கட்கிழமை பதினொன்றையும் சோதிப்பேன். பதினொன்றும் ஓடும். பேனாவை மூடி வைத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போவேன். இப்படி ஐந்து வாரம் ஓடியது. உள்நோக்கம் எதுவும் இன்னும் பிடிபடவில்லையே என்பது மட்டும்தான் குறை.

ஆறாவது வாரம் செவ்வாய்க்கிழமை, மகள் வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று ஒரு காகிதத்தை நீட்டினாள். அறையின் பிரிண்டரில் எடுத்தது. தமிழ்க் குழு மொழிபெயர்த்துப் போட்டிருந்த அறிவிப்பு. எழுத்துக் கூட்டிப் படித்தேன். இந்த வகை மெஷின்களிலிருந்து ஐந்து வாரங்களாக எந்தத் தகவலும் இல்லை. சோதிப்பவர் விலகிவிட்டதாகக் கருதப்படுகிறது. அடுத்த பதிப்பில் இந்த வகை நீக்கப்படும். ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள். கீழே ஆந்தை.

“நீங்க பாத்துக்கறீங்கன்னு நம்பி இருந்தேன்ப்பா,” என்றாள் மகள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதிகாரிக்கு இது தெரிந்தால் அடுத்த மாதக் கூட்டத்தில் அறையை முடித்துவிடுவார் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய் அவள் அம்மாவிடம் உட்கார்ந்துவிட்டாள்.

பார்த்தீர்களா, குணத்தைக் காட்டிவிட்டார்கள் என்று எனக்கு ஒரு பக்கம் திருப்தியாகக்கூட இருந்தது. டீச்சருக்குப் போன் போட்டு, நான் ஒரு வாரம்கூட விடவில்லை, யார் விலகியது என்று பிடித்துக்கொண்டேன். அவர் ஏதோ தேடிப் பார்த்தார்.

“அஞ்சு வாரமா நீங்க ஒண்ணுமே எழுதலையே ஐயா.”

“எழுதறதுக்கு என்ன இருக்கு? எல்லாம் ஓடுதே.”

“ஓடுதுன்னு எழுதணும்.”

நான் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்தேன். இணைப்பு போய்விட்டதோ என்று அவர் ஹலோ ஹலோ என்றார்.

“ஏம்மா, ஒழுகினாத்தானே ஆளைக் கூப்பிடுவாங்க. ஒழுகலைன்னு கூப்பிட்டு யாராவது சொல்லுவாங்களா?”

“உங்க தொழில்ல சொல்ல மாட்டாங்க, சரி. இங்க எங்களுக்கு உங்க மெஷின் கண்ணுக்குத் தெரியாதே. நீங்க சும்மா இருந்தா, எல்லாம் சரியா இருக்கா இல்ல நீங்களே இல்லையான்னு எப்படித் தெரியும்?”

 நான் ஆந்தையைத் திட்டினேன். அந்த ஆளுக்குப் பழைய மெஷின் என்றால் இளக்காரம், கழற்றிவிடக் காரணம் தேடிக்கொண்டிருந்தான் என்றேன். டீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: அவர் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ். வாரத்தில் ஒரு நாள்தான் லீவு. அந்த ஒரு நாளை ஏழு வருஷமாக இந்தப் பழைய மெஷின்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். யாரும் பயன்படுத்தாத ஒன்றுக்காக உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்தால் யாருக்குத்தான் வெறுத்துப்போகாது? நான் திட்டுவதை நிறுத்தவில்லை. ஆனால் சத்தத்தைக் குறைத்துக்கொண்டேன்.

ஆட்சேபம் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவர்களிடம் ஒரு முறை இருந்தது. என் ஐந்து வாரத்தை இனிச் சொல்லிப் பிரயோஜனமில்லை. அன்றைக்கன்று எழுதாதது கணக்கில் வராது. இந்த வாரப் பதிப்பை மூன்று வேறு வேறு ஆட்கள், மூன்று வேறு வேறு மெஷின்களில் போட்டு, தனித்தனியாகத் தங்கள் பெயரில் எழுத வேண்டும். ஒருவனுடைய பேச்சு செல்லாது. வெள்ளி மதியத்துக்குள்.

ஒருவனுடைய பேச்சு செல்லாது என்பது மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. நானாக இருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பேன்.

நான் ஒருவன், மகள் ஒருத்தி. மூன்றாவது ஆளுக்கு எங்கே போவது? வீட்டுக்காரி மவுஸைத் தொட மாட்டாள். மருமகன் அரை மணி உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். அந்த மெஷின்களை உள்ளும் புறமும் தெரிந்த ஆள் எங்கள் தெருவில் ஒருவன்தான். அவன் என்னோடு பேசுவதில்லை.

புதன்கிழமை காலையில் கடை திறந்ததும் போய் நின்றேன். திருப்புளி ஒரு டிவியைக் குப்புறப் போட்டுக் குடைந்துகொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். மறுபடியும் குடைந்தான். ஸ்டூல் இருந்தது, உட்காரச் சொல்லவில்லை. ஒரு கால் மணி நேரம் நின்றிருப்பேன். அதற்குள் இரண்டு பேர் வந்து சார்ஜர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

“என்ன, இங்கயும் பீஸ் எண்ண வந்தீங்களா?” என்றான் கடைசியில்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவன் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மகளின் வேலை போகும் என்றேன். உங்கள் மகளுக்காகச் செய்வேன், ஆனால் உங்களோடு ஒரே அறையில் நிற்க மாட்டேன், என்னைத் திருடன் என்று தெருவெல்லாம் பேச வைத்தவர் நீங்கள் என்றான். தெருவில் நான் யாரிடமும் சொல்லவில்லை. அவன் பின்னால் மூன்று நாள் நின்றதைப் பார்த்தவர்கள் அவர்களாகவே பேசிக்கொண்டார்கள்.

“எண்ணினேன்ல, இருபத்துநாலும் இருந்துச்சு,” என்றேன்.

“என்னது?”

“பீஸ். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அதை உன்கிட்ட சொல்லலை.”

“ரெண்டு வருஷமா?”

“சரியா இருந்ததைப் போய் என்னத்தச் சொல்றதுன்னு விட்டுட்டேன்.”

திருப்புளி கையில் இருந்ததைக் கீழே வைத்தான். என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதாவது பெரிதாகச் சொல்வான் என்று நினைத்தேன். “நீங்களெல்லாம் எப்படி அண்ணே குடும்பம் நடத்துனீங்க,” என்றுதான் கேட்டான். பிறகு வியாழக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டான்.

வியாழன் நூலகத்துக்கு விடுமுறை. பத்து மணிக்கு மூவரும் அறையில் இருந்தோம். நான் வீட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். மகள் வாசல் ஓரத்து மெஷினில் உட்கார்ந்தாள். திருப்புளி பிரிண்டர் பக்கத்தில் இருந்த ஒன்பதாம் நம்பரை எடுத்துக்கொண்டான். ஒருவர் பார்த்ததை ஒருவர் பார்த்து எழுதக் கூடாது என்று நான் சொன்னேன். பரீட்சை ஹாலா இது என்றான் திருப்புளி. ஆனாலும் திரும்பி உட்கார்ந்தான்.

என்னுடையதில் பதினொன்றும் ஓடின. மகளுடையதிலும் ஓடின. ஒன்பதாம் நம்பர் தூங்கப் போனது, எழுந்திருக்கவில்லை. திருப்புளி விசையைத் தட்டினான், மவுஸை ஆட்டினான், காத்திருந்தான். கறுப்புத் திரைதான். அணைத்து மறுபடி செய்தான். மறுபடியும் அப்படியே.

 மகள் எழுந்து வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

“பக்கத்துல பத்தாம் நம்பர் இருக்கே,” என்றாள். “அதுல பண்ணுங்களேன். மெஷின் எதுன்னு அவங்க கேக்கப் போறதில்லை.”

திருப்புளி என்னைப் பார்த்தான். அவள் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. ஏதாவது மூன்று மெஷின் என்றுதானே கேட்டிருந்தார்கள். ஒன்பதைத்தான் எழுத வேண்டும் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் பத்தாம் நம்பருக்குக் கை போனது. ஏற்கெனவே கழற்றிவிடத் துடிக்கிறவனிடம் போய், இதோ ஒன்று எழுந்திருக்கவில்லை என்று எழுதினால், சரிதான், சாகட்டும் என்று சொல்ல அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

ஆனால் ஒழுகுகிற ஜாயின்ட் மேல் பெயின்ட் அடித்துவிட்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சில சமயம் அவர்களுக்குப் பின்னால் போய்ச் சுவரை உடைத்தவனும் நான்தான்.

“ஒன்பதையே எழுது,” என்றேன்.

“அப்பா, என் வேலைப்பா.”

“தெரியும்.”

“உங்களுக்கு யாரையும் நம்பிக்கை கிடையாது, அவங்க மட்டும் நியாயமா நடப்பாங்கன்னு இப்ப நம்புறீங்களா?”

“இல்லை. அவங்களை நம்பலை. புதுப் பதிப்பை இதே பன்னிரண்டுலயும்தானே போடப் போற. ஒம்பது தூங்கினா நாளைக்கு எவனோ ஒருத்தன் விண்ணப்பம் பாதியில நிக்கும். உன்னைத்தான் கேப்பான்.”

அவள் ஜன்னல் பக்கம் போய், அந்தத் திறக்காத கதவை வீணாகத் தள்ளிக்கொண்டு நின்றாள்.

எழுதுவது என்று ஆன பிறகு, எழுந்திருக்கவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வீட்டில் தண்ணீர் குறைகிறது என்றால் எல்லா வால்வையும் மூடிவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போம். திருப்புளியிடம் அப்படியே செய்யச் சொன்னேன். ஒன்பதாம் நம்பரில் செருகியிருந்த எல்லாவற்றையும் பிடுங்கினான். தூங்க வைத்தான், எழுந்தது. ஒவ்வொரு வயராகச் செருகித் தூங்க வைத்தான். நாலாவதாகப் பிரிண்டர் வயர். எழுந்திருக்கவில்லை. பத்தாம் நம்பரிலும் புதுப் பதிப்பைப் போட்டு அதே வயரைச் செருகினோம். பத்தும் எழுந்திருக்கவில்லை. என்னுடையதிலும் அதே கதை. அப்படியானால் ஒன்பது நோயாளி இல்லை. மூன்றும் ஒன்றுதான். எனக்கும் மகளுக்கும் பிரிண்டர் இல்லாததால்தான் ஓடியது.

“வீட்டுல பிரிண்டரே இல்லாமத்தான் இத்தனை நாளும் சோதிச்சீங்களா அண்ணே?” என்றான் திருப்புளி. ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

பழைய பதிப்பு போட்டிருந்த ஏழாம் நம்பரிலும் செருகிப் பார்த்தோம். அது எழுந்தது. ஆக, புதுசில் வந்த பழுது. இதையெல்லாம் மூன்று பேரும் தனித்தனியாக எழுதினோம். எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. ஓடுகிற சங்கதி பத்தையும் ஒவ்வொன்றாக ஓடுகிறது, ஓடுகிறது என்று பத்து தடவை எழுதினேன். எழுதும்போதே கூச்சமாக இருந்தது. மகள் தன்னுடையதை அனுப்பிவிட்டு எங்களுக்கு முன்னால் கிளம்பிப் போய்விட்டாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் போயிற்று. ஒன்றும் வரவில்லை. நாலு மணிக்கு டீச்சர் போன் செய்தார். ஆந்தை எழுதியிருந்தது ஐந்தே வரி. பிரிண்டர் வயர் பற்றிய குறிப்பால் இடம் தெரிந்துவிட்டது. பழுது பழைய மெஷினுடையது அல்ல, எல்லா மெஷினுக்கும் பொதுவானது. வேறு யாரும் இதுவரை சொல்லவில்லை. மூன்று பேரும் ஒரே மெஷின் வகையை நிஜமாகவே பயன்படுத்துகிறார்கள் என்று தெரிகிறது. நீக்கும் முடிவு ஒரு பதிப்புக்குத் தள்ளி வைக்கப்படுகிறது, திங்கட்கிழமை தோறும் பழுது இருந்தாலும் இல்லாவிட்டாலும் தகவல் வரும் என்ற நிபந்தனையில்.

ஒரு பதிப்பு என்றால் எவ்வளவு நாள் என்றேன். ஒன்றரை வருஷம் என்றார் டீச்சர். மகளிடம் சொன்னேன். போனில் அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பிறகு, ஜன்னலை முழுசாகத் திறந்துவிட்டேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நான் வந்துதான் ஆக வேண்டும் என்று டீச்சர் பிடிவாதமாகச் சொன்னார். அறையில் பெரிய திரையில் போட்டிருந்தாள் மகள். திருப்புளியும் வந்திருந்தான். கட்டம் கட்டமாக இருபது முகங்கள். ஒரு கட்டத்தில் ஒடிசலான ஒரு மனிதர் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். அவர்தான் ஆந்தை என்றார்கள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவர் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். டீச்சர் புதியவர்களிடம் என்னைக் காட்டி, இந்த ஐயா மாதிரி சோதிக்க வேண்டும், வயர் வயராகப் பார்த்தார், இப்போது இவர் நம் ஆள் என்றெல்லாம் பேசினார். பங்களித்தவர்கள் பட்டியலில் என்ன பெயர் போடலாம் என்று கேட்டார். திருப்புளி என் முழங்கையில் இடித்தான்.

பெயர் இருக்கட்டும், ஒரு கேள்வி என்றேன். அந்த ஆந்தைக்காரர் நாளைக்கு முடியாது என்று போய்விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். டீச்சர் அதை அவர் மொழியில் சொன்னார். அவர் யோசித்துப் பதில் சொன்னார். ஒரு மாதம் முன்னாடியே எழுதிவிட்டுத்தான் போவாராம்.

“எழுதிட்டா போதுமா? அப்புறம் யார் பாப்பாங்க?”

“யாராவது எடுத்துப்பாங்க ஐயா,” என்றார் டீச்சர்.

“யாரு?”

 அந்த மனிதர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“இப்போதைக்குத் தெரியாது,” என்றார் டீச்சர். “இதுவரைக்கும் யாராவது வந்திருக்காங்க.”

இதுவரைக்கும் வந்திருக்கிறார்கள். இதை என் மகளின் ஒன்றரை வருஷத்துக்கு உத்தரவாதம் என்கிறார்கள். நல்ல மனிதர்கள்தான், உள்நோக்கம் எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்கவில்லை என்பதற்காக இல்லை என்று ஆகிவிடுமா? நாற்பத்தொரு வருஷத்தில், யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று விட்ட ஒரு லைனும் நின்று நான் பார்த்ததில்லை.

எழுந்தேன். எங்கேப்பா என்றாள் மகள். கீழே என்றேன். பட்டியலுக்குப் பெயர் சொல்லிவிட்டுப் போகச் சொல்லி டீச்சர் திரையிலிருந்து கூப்பிட்டார். கேட்டுக்கொண்டேதான் படியிறங்கினேன். திங்கட்கிழமை எழுதுவேன், எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன், அது வேறு. யாராவது வருவார்கள் என்கிறவர்களின் பட்டியலில் பெயர் போட எனக்கு மனசில்லை. வெளியே வெயில் ஏறியிருந்தது. நிழல் விழுந்த பக்கமாகத் தெருவைக் கடந்து வீட்டுக்கு நடந்தேன்.